பிஞ்சு மேனியில் ஒரு செங்கட்டி
(ஊசி நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தம்பதிகளுக்கு ஆற்றிய உரை)



இன்று புதன்கிழமை, ஊசி நாள். ஊசி போட்ட பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது, அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருப்பார். அந்த அரை மணி நேரத்தை எனக்குக் கொடுங்கள். பச்சைக் குழந்தையின் உடம்பில் வருகிற செங்கட்டியைப் பற்றிப் பேசலாம். பார்வைக்கு அது சின்ன விஷயம். ஆனால் சில குழந்தைகளுக்குக் கண் பார்வையை, ஏன், மூச்சையே கூடத் தொட்டுவிடும் விஷயம்.

முதலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கதைதான், ஆனால் நம்ம பக்கத்தில் நடக்கக்கூடிய கதை. தலைச்சன் பிரசவம். பெண் தாய்வீட்டில், கறம்பக்குடிப் பக்கம். கணவர் வெளிநாட்டில் வேலை. குழந்தை பிறந்தபோது மேனி பளிச்சென்று இருந்தது. பதினைந்தாம் நாள் இமையோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. "கொசு கடிச்சிருக்கும்" என்றார் பாட்டி. ஒரு மாதத்தில் அது துவரம்பருப்பு அளவு ஆயிற்று. ஒன்றரை மாதத்தில் கோவைப்பழம் போல் சிவந்து, மேலிமையைக் கீழே இறக்க ஆரம்பித்தது. பிள்ளையைப் பார்க்க வந்த புகுந்த வீட்டார் ஒரே கேள்வி கேட்டார்கள்: "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியாம்மா?" அந்தப் பெண் தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். "மூணு மாசம் முடிஞ்சு பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறப்போ பெரிய டாக்டர்கிட்டே காட்டிக்கலாம்" என்று முடிவாயிற்று.

தாய்மார்களே, கட்டி வேகமாக வளர்கிற மாதங்களே அந்த மூன்று மாதங்கள்தான். மருந்துக்கு நன்றாக மசிகிற காலமும் அதுதான். நல்ல காலத்தை வெட்கத்திலும் பழிச்சொல்லிலும் கழித்துவிட்டார்கள். இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

இது என்ன கட்டி?

நம் உடம்பில் ரத்தம் ஓடுகிற குழாய்களுக்கு உள்பக்கம் மெல்லிய ஒரு பூச்சு உண்டு. சில குழந்தைகளுக்கு அந்தப் பூச்சின் அணுக்கள் ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகின்றன. புதுப் புது ரத்தக் குழாய்கள் கொத்தாக உண்டாகிச் செங்கட்டியாக எழும்புகிறது. டாக்டர்கள் இதை ஹீமாஞ்சியோமா என்பார்கள். நம்ம ஊரில் செம்மச்சம் என்றும் ரத்தக்கட்டி என்றும் சொல்வதுண்டு. இது புற்றுநோய் அல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல.

நூறு குழந்தைகளில் நாலைந்து பேருக்கு இது வருகிறது. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் கூடுதலாக வரும். பிறக்கும்போது பெரும்பாலும் இருக்காது, அல்லது வெளிறிய திட்டாகவோ லேசான சிவப்பாகவோ இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை அதன் வேகம் மிக அதிகம். மூன்று மாதம் ஆகும்போது, ஆக வேண்டிய அளவில் பெரும்பகுதி ஆகிவிடும். ஐந்தாம் மாதத்தோடு வளர்ச்சி அநேகமாக ஓய்ந்து, ஒரு வயதுவாக்கில் மெல்ல மெல்ல வற்றத் தொடங்கும். நாலு வயதுக்குள் பெரும்பாலானவை வற்றிவிடும்.

தோலுக்கு அடியில் ஆழமாக இருந்தால் சிவப்பாகத் தெரியாது. நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கமாகத் தெரியும். கறுத்த மேனிப் பிள்ளைகளுக்குச் சிவப்புக்குப் பதில் கருஞ்சிவப்பாகத் தோன்றலாம்.

எல்லா மச்சமும் இது அல்ல. குழந்தையின் பிட்டத்திலும் முதுகிலும் காணும் நீலத் திட்டு நம் பிள்ளைகளுக்குச் சர்வ சாதாரணம், தானே மங்கிவிடும். பிறக்கும்போதே இருந்து, மேடாகாமல், பிள்ளை வளர வளரக் கூடவே வளர்கிற தட்டையான சிவப்புப் படலம் வேறு ஒரு வகை, அது தானாக வற்றாது. எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது டாக்டர். உங்கள் வேலை காட்டுவது.

குற்றம் யாருடையது?

யாருடையதும் இல்லை. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததாலும் வருவதில்லை, மசக்கையில் ஆசைப்பட்டதைத் தின்னாததாலும் வருவதில்லை. கண்ணேறும் இல்லை, முன்னோர் சாபமும் இல்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியிடம் இப்படிக் கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்கப்பட்டவள் பிள்ளையைத் துணியால் மூடி மூடி வைக்க ஆரம்பிப்பாள். மூடி வைத்த கட்டியை டாக்டர் எப்படிப் பார்ப்பது?

"பொம்பளைப் பிள்ளை, முகத்திலே கட்டி, ஊர் என்ன சொல்லும்?" என்று கலங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1886-இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண் பிள்ளை கல்லூரிக்கு வருவதா என்று எதிர்ப்பு வந்தபோதும் இங்கே மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு சென்னையில் மருத்துவம் படித்து 1912-இல் டாக்டரானார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியிருந்தால் அது நடந்திருக்குமா? அந்த மண்ணில் பிறந்த நாம், ஒரு கட்டியைக் காட்டக் கூச்சப்படலாமா?

எல்லாக் கட்டிக்கும் மருந்து வேண்டுமா?

வேண்டாம். இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதுகிலோ வயிற்றிலோ தொடையிலோ சின்னதாக ஒன்று இருந்தால், பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், தானே வற்றும். மேலோட்டமான சிறு கட்டிக்கு டிமோலால் என்ற சொட்டு மருந்தை மேலே தடவச் சொல்வதும் உண்டு. ஆனால் கீழே சொல்கிறவை அப்படி விட்டுவிடக் கூடியவை அல்ல:

கண்ணிமையிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால், கண்ணை மறைத்து, அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடலாம்.

மூக்கு நுனி, உதடு, காது ஆகிய இடங்களில் வந்தால், வற்றிய பிறகும் உருவம் கெட்டு நிற்கலாம்.

தாடை, மோவாய், கழுத்து என்று ஆண்களுக்குத் தாடி முளைக்கிற இடத்தில் பரவலாக வந்தால், உள்ளே தொண்டையிலும் மூச்சுக் குழலிலும் இருக்கக்கூடும். பிள்ளை மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

முகத்தில் பெரிய பரப்பில் வந்தாலும், இடுப்புக்குக் கீழே முதுகின் நடுவில் வந்தாலும், உள்ளே வேறு கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும்.

உடம்பில் ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால், ஈரலிலும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கட்டி புண்ணாகி நீர் வடிந்தாலோ ரத்தம் கசிந்தாலோ உடனே காட்ட வேண்டும். இடுப்பு மடிப்பிலும் உதட்டிலும் இது அதிகம். பிள்ளை வலியால் துடிக்கும்.

இப்படிப்பட்ட கட்டிகளுக்குத்தான் வாய்வழி மருந்து.

வாய்வழி மருந்துகள் மூன்று

"எந்த மருந்து நல்லது டாக்டர்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பிரெட்னிசலோன். இது ஸ்டீராய்டு வகை. 1960-களிலிருந்து சுமார் நாற்பது ஆண்டுக் காலம் இந்தக் கட்டிக்கு முதல் மருந்தாக இருந்தது இதுதான். கட்டியின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். பல குழந்தைகளின் கண்ணை இது காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். அப்போது முகம் உப்பிப் பூரித்துவிடும். பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கும், தூங்காது. வயிற்றெரிச்சல் வரும். ரத்த அழுத்தம் ஏறும். உயரமும் வளர்ச்சியும் மட்டுப்படும். நோயை எதிர்க்கிற சக்தி குறையும். அதனால் போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டிவரும். இன்னொன்று, இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோயிருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, புரோப்ரனலால். இது புது மருந்து அல்ல. ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இருதய நோய்க்காக இதைக் கண்டுபிடித்தார், 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சாப்பிடுகிற, விலை குறைந்த மாத்திரைதான்.

அது குழந்தையின் செங்கட்டிக்கு வந்தது தற்செயலாக. பிரான்ஸ் நாட்டில் போர்தோ நகர மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு மூக்கில் கட்டி. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குழந்தையின் இருதயத் தசை தடித்துவிட்டது. இருதயத்துக்காகப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருந்த கட்டி ஊதா நிறத்துக்கு மாறி, மெத்தென்று ஆகியிருந்தது! டாக்டர்களே திகைத்துப்போனார்கள். இன்னொரு குழந்தைக்கும் அப்படியே நடந்தது. பிறகு ஒன்பது குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். கிறிஸ்டீன் லெயோத்தே லாபிரேஸ் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2008-இல் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

ஒரு ஊரில் பலித்தது என்பதற்காக மருத்துவத்தில் ஒன்றை ஏற்றுக்கொள்வதில்லை. 2015-இல் வெளியான பெரிய ஆய்வில் 460 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு அதைப் போலவே தோன்றுகிற வெறும் திரவம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் மருந்து குடித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேருக்குக் கட்டி முழுவதுமாகவோ அநேகமாக முழுவதுமாகவோ மறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் அப்படி.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள்" என்பீர்கள். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். சண்டிகரில் உள்ள மத்திய அரசின் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் 30 குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் புரோப்ரனலால், ஒரு பிரிவுக்குப் பிரெட்னிசலோன், ஒரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. 2013-இல் முடிவு வெளிவந்தது. புரோப்ரனலால் குடித்த பிள்ளைகளுக்குக் கட்டி சீக்கிரமாகவே அடங்க ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் தனிப்பட்ட லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் உலகம் கண்டதையே நம் நாட்டுப் பிள்ளைகளிடமும் கண்டார்கள்.

ஆகவே இன்றைக்கு வாய்வழி மருந்துகளில் முதலிடம் புரோப்ரனலாலுக்கு. புரோப்ரனலால் கொடுக்க முடியாத குழந்தைக்கும், அது பலிக்காத குழந்தைக்கும்தான் பிரெட்னிசலோன் பக்கம் போகிறார்கள்.

புரோப்ரனலாலுக்கும் குறை உண்டு. கை கால் சில்லிடும், தூக்கம் கெடும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். இவை பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. கவனிக்க வேண்டியவை மூன்று: இருதயத் துடிப்பு குறைவது, இளைப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு இறுக்கம் வருவது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுவது. மருந்தை நிறுத்திய பிறகு சில குழந்தைகளுக்குக் கட்டி மறுபடி கொஞ்சம் தலைதூக்குவதும் உண்டு. அப்போது திரும்பக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, அட்டெனலால். இது புரோப்ரனலாலின் பங்காளி. இருதயத்தின் மீதுதான் அதிகம் வேலை செய்யும். மூச்சுக் குழலை அவ்வளவாகத் தொடாது, மூளைக்குள்ளும் அதிகம் புகாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை கொடுத்தால் போதும். சீனாவில் 377 குழந்தைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி ஆறு மாதத்தில் இரண்டு மருந்துக்கும் பலன் ஏறக்குறைய சமம், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம் தெரிந்தது. பக்கவிளைவு அட்டெனலாலில் குறைவு. ஆனால் புரோப்ரனலாலுக்கு உள்ள அளவு அனுபவம் இதற்கு இன்னும் சேரவில்லை. அதனால் தூக்கம் மிகவும் கெட்ட பிள்ளைக்கும், புரோப்ரனலால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் டாக்டர் இதை யோசிப்பார்.

சுருக்கமாகச் சொன்னால், பிரெட்னிசலோன் பலிக்கும், ஆனால் உடம்பு முழுவதிலும் விலை கேட்கும். புரோப்ரனலால் சீக்கிரம் பலிக்கும், ஆனால் பால் குடிக்காத நேரத்தில் கொடுத்தால் ஆபத்து. அட்டெனலால் சாதுவானது, ஆனால் அனுபவத்தில் இளையது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைப் பிள்ளையைச் சோதித்த டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் கொடுக்கும் முறை

மருந்து தொடங்கும் முன் பிள்ளையின் எடை, இருதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்ப்பார்கள். முதல் வேளை கொடுத்த பிறகு ஓரிரண்டு மணி நேரம் கூடவே வைத்துக் கவனிப்பார்கள். மாதம் நிறையாத பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, பிறந்து சில வாரமே ஆன பிள்ளை என்றால் மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்குவார்கள். "ஒரு மருந்துக்கு இவ்வளவு நேரமா?" என்று அவசரப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு வாக்கியத்தை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பால் முன்னே, மருந்து பின்னே. பால் இல்லையேல் மருந்து இல்லை.

ஏன் தெரியுமா? இந்த மருந்து உடம்பு தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை எடுப்பதைத் தடுக்கும். வயிறு காலியாக இருக்கும்போது கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மருந்து சாப்பிடுகிற பிள்ளையை நீண்ட நேரம் பால் இல்லாமல் தூங்கவிடக் கூடாது. ஆறு வாரத்துக்குள் நாலு மணிக்கு ஒரு முறை, நாலு மாதம் வரை ஐந்து மணிக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆறு மணிக்கு ஒரு முறையாவது பால் கொடுக்க வேண்டும். ராத்திரியும் அப்படித்தான். எழுப்பிக் கொடுங்கள்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுப்பது, மூச்சு இளைப்பு, இதில் எது வந்தாலும் அந்த வேளை புரோப்ரனலாலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பிரெட்னிசலோன் குடிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தாது. அதைத் தானாக நிறுத்தக் கூடாது, உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை வேர்த்துச் சில்லிட்டாலோ, நடுங்கினாலோ, துவண்டு எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே தாய்ப்பால் கொடுங்கள். சப்பவில்லை, ஆனால் விழிப்போடு விழுங்குகிறது என்றால் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால், இரண்டுக்கும் நடுவே ஒன்பது மணி நேரமாவது இருக்கட்டும். கொடுத்ததைத் துப்பிவிட்டால் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலாடை அளவு, சங்கு அளவு, குத்துமதிப்பு எதுவும் உதவாது. மருத்துவமனையில் தருகிற, மில்லி கோடு போட்ட சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும். "தாத்தா சாப்பிடுற மாத்திரைதானே, பாதி உடைச்சுக் கொடுப்போம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலு கிலோப் பிள்ளைக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 8 மில்லிகிராம், வேளைக்கு 4 மில்லிகிராம். பெரியவர்களின் 40 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்றால் 20 மில்லிகிராம். ஒரு வேளைக்கு உரியதைப் போல ஐந்து மடங்கு! பிள்ளை எடை கூடக் கூட அளவும் மாறும். அதனால்தான் சொன்ன தேதியில் எடை பார்க்க வரச் சொல்கிறோம்.

குறைந்தது ஆறு மாதம் கொடுக்க வேண்டும். "கட்டி வெளுத்துப்போச்சு, நல்லாயிடுச்சு" என்று இரண்டு மாதத்தில் விட்டுவிட்டால் மறுபடி எழும்பலாம்.

செய்யக் கூடாதவை

சூடு போடாதீர்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள். நூலால் கட்டாதீர்கள். ஊசியால் குத்தாதீர்கள். கட்டிக்குள் இருப்பது ரத்தக் குழாய். புண்ணாகி, சீழ் பிடித்து, ஆறினாலும் ஆயுசுக்கும் தழும்பு நிற்கும். தானே வற்றியிருந்தால் இருக்காத தழும்பு அது. ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள். சாமிக்கு வேண்டிக்கொள்வது உங்கள் இஷ்டம். வேண்டிக்கொண்டு, அதே கையோடு டாக்டரிடமும் வாருங்கள்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை

பின்வரிசையில் நிற்கிற ஐயாமார்களே, இது பொம்பளைகள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். தாய்வீட்டில் இருக்கிற உங்கள் மனைவிக்கு இப்போது வேண்டியது உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்: "உன் மேல் குற்றம் இல்லை, நாளைக்கே காட்டு." அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் கிரகணப் பேச்செல்லாம் அடங்கிவிடும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், வாரம் ஒரு நாள் கட்டியைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்தால் வளர்கிறதா வற்றுகிறதா என்று தெரியும். டாக்டருக்கும் அந்தப் படங்கள் பெரிய உதவி. ஊரில் இருக்கிற தந்தை ராத்திரிப் பாலுக்கு எழுப்புகிற வேலையை எடுத்துக்கொள்ளலாம். மருந்து கொடுத்த நேரத்தை காலண்டரில் குறித்து வைக்கலாம். அம்மா ஒரு தடவை, ஆயா ஒரு தடவை என்று இரண்டு பேர் கொடுத்துவிடுகிற ஆபத்து அதனால் தவிரும்.

எங்கே காட்டுவது? முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம், அல்லது இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஒன்றரை மாத ஊசிக்கு எப்படியும் வருவீர்கள். ஆனால் செங்கட்டி என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், ஒரு மாதத்துக்குள் காட்டுவது நல்லது. தேவைப்பட்டால் இங்கிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புவோம். 2017-இல் அந்தக் கல்லூரி வந்த பிறகு நம் மாவட்டத்திலேயே பெரிய டாக்டர்களைப் பார்க்க முடிகிறது. சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

முதலில் சொன்ன அந்த வீட்டுக்குத் திரும்புவோம். அதே பெண், அதே கறம்பக்குடிப் பக்கம். பதினைந்தாம் நாள் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் கணவருக்குப் படம் அனுப்பினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர், "நர்ஸம்மாகிட்டே காட்டு" என்றார். ஒரு மாதத்தில் டாக்டர் பார்த்தார். இமையில் இருப்பதால் காத்திருக்க முடியாது என்று மருந்து தொடங்கினார். இமை இறங்கவே இல்லை. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்தப் பிள்ளை இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்தது. முதல் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டே இரண்டு மாதம்தான்.

அரை மணி ஆகிவிட்டது. போகிற முன் இங்கேயே, இந்த நிழலிலேயே, உங்கள் பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தலை முதல் கால் வரை ஒரு தடவை பாருங்கள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இடுப்பு மடிப்பில் பாருங்கள். ஏதாவது சிவப்பாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் உள்ளே வாருங்கள். இன்று மாலை வரை இங்கேதான் இருப்பேன்.

வணக்கம்.